மதியத்துக்கு மேல் உதைக்கும் வண்டி

அந்த வண்டி மதியத்துக்கு மேல்தான் உதைக்கும். காலையில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரும் வண்டியை விட்டுவிட்டு மாமாவின் காலைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் மாமாவும் சந்தேகப்பட்டார்.

அவர்கள் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். கீழே மாமாவும் அத்தையும். சொந்தமெல்லாம் இல்லை. குடிவந்த புதிதில் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மாமா என்றேன், அதுவே நிலைத்துவிட்டது. பகலில் நான் ஒரு மருந்துக் கடையில் நிற்பவள். சாயங்காலம் ஆறு முதல் எட்டரை வரை வாகனப் பழுது வகுப்பு. பதினெட்டு ஆண்களும் நானும்.

மாமா, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் ஒரு சின்ன மருத்துவமனையில் டிரைவர். காலையில் வீடு வீடாகப் போய் நோயாளிகளை ஏற்றிவருவார். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்து துவண்டு போனவர்களை மதியம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். போகும்போது பேசிக்கொண்டு போகிறவர்கள் வரும்போது கண்ணைத் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு குலுக்கலும் வயிற்றைப் புரட்டும். அதனால் மாமா வேகத்தடை வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்: "சின்னதா ஒண்ணு வருது, பிடிச்சுக்குங்க." பிரேக் போட்டது தெரியாமல் வண்டி நின்றிருக்கும். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் பஞ்சு. "இன்னைக்குப் பஞ்சு வண்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் கிளம்புவார்களாம்.

இதை அத்தை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "வீட்ல ஒரு டம்ளரை ஒழுங்கா வைக்கத் தெரியாது. நங்குன்னு வைப்பாரு. வண்டியில மட்டும் பஞ்சாம்!"

வண்டி பழையது. நீளமான உடம்பு, பின்னால் ஒருவரைப் படுக்கவைக்கலாம். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். எப்போது மாற வேண்டும் என்பது அந்த கியர்பாக்ஸுக்கு எப்படித் தெரியும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உள்ளே ஓர் இழுப்பு உண்டாகிறது. அந்த இழுப்பை ஒரு விரல் தடிமன் குழாய் கீழே கியர்பாக்ஸ் வரை கொண்டுபோகிறது. இழுப்பு பலமாக இருந்தால் வண்டி நிதானமாகப் போகிறது என்று அர்த்தம். கியர் மெதுவாக மாறும். இழுப்பு வந்து சேராவிட்டால், டிரைவர் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துவிட்டார் என்று கியர்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். தாமதித்து, ஓங்கி ஓர் உதை விட்டு மாறும். குழாயில் கோளாறு இருந்தாலும் பழி டிரைவர் காலின்மேல்தான் விழும். அந்த இயந்திரத்தின் அமைப்பே அப்படி.

மழைக்காலத்தில் அந்தக் குழாயின் மேல்பகுதி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. வண்டி நிற்கும்போது விசிலடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. வகுப்பில் அப்போது அந்தப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. வெளியே ஏதாவது ஒரு வண்டியில் சொந்தமாக ஒரு வேலை செய்து, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும். நான் மாமாவைக் கேட்டேன்.

"ஒரு டியூப் மாத்துறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தயங்குற? மாத்து. கெட்டா மருமகன் இருக்கான் பார்த்துக்க."

உதிரிபாகக் கடையில் இழுப்புக்கென்று இருக்கும் தடித்த குழாய் தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர், கண்ணாடி துடைப்பானுக்குத் தண்ணீர் போகும் குழாயை எடுத்து நீட்டினார். "உள்ளளவு அதே அளவுதான். கச்சிதமா உக்காரும்." உட்கார்ந்தது. இரண்டு கிளிப், ஒரு கத்தி, பத்து நிமிடம். விசில் நின்றது. மாமா கையெழுத்துப் போட்டார். வகுப்பில் எனக்கு அந்த வேலைக்கு முழு மதிப்பெண்.

பிறகு வெயில் வந்தது. மருந்துக் கடை வாசலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டிய வாரம் அது. ஒரு சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேசையில் மாமா தட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பருப்பும் சோறும் ஆறிப்போயிருந்தன.

"இன்னைக்கு வண்டி ஒரு மாதிரி உதைச்சுது" என்றார்.

"எங்க உதைச்சுது?" அத்தை அடுப்படியிலிருந்து கேட்டார்.

"எங்கன்னா... வண்டியிலதான். இரண்டாவதுல இருந்து மூணாவதுக்குப் போறப்ப. பின்னாடி இருந்தவர் 'என்ன பஞ்சு, கல்லு கிடந்துச்சா'ன்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"கல்லு கிடந்துச்சா?"

"கிடந்தா ஏன் சொல்றேன்?"

அத்தை வெளியே வந்து என்னைப் பார்த்தார். "பொய்யெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு பாரும்மா."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ மாத்தின டியூப்பு சரியாத்தானே இருக்கும்?"

அவர் சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. "காலையில பார்த்துச் சொல்றேன் மாமா" என்றேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வகுப்பிலிருந்து கொண்டுவந்திருந்த அளவு முள்ளோடு இறங்கினேன். எஞ்சினை ஓடவிட்டு இழுப்பை அளந்தேன். முள் பதினெட்டில் அசையாமல் நின்றது. பதினேழுக்கும் இருபதுக்கும் நடுவே இருந்தால் நல்லது என்று பாடம். உண்மையில் குழாயின் கீழ்முனையில், கியர்பாக்ஸில் போய்ச் சேரும் இடத்தில் அளந்திருக்க வேண்டும். அதற்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். கடைக்குப் போகும் உடுப்பைப் போட்டிருந்தேன். மேலேயே அளந்தேன், அதுவும் எஞ்சின் சூடாகும் முன்பே.

"நல்லா இருக்கு மாமா" என்றேன்.

"அப்ப சரி" என்றார். அந்த 'அப்ப சரி'யில் இருந்த நம்பிக்கையை நான் அன்று கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். சரக்கு வண்டிகள் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. சத்தமாகப் பேசுவார், நல்ல மனிதர். காலைச் சாப்பாட்டுக்கு முன்பே சாவியை வாங்கிக்கொண்டு தெருவை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாமா, வெண்ணெய்ல கத்தி இறங்குற மாதிரி போகுது. என்ன குறை உங்களுக்கு?"

"மதியம் உதைக்குதுடா."

"வண்டிக்கு மதியம், சாயங்காலம் தெரியுமா? அது என்ன ஆபீஸ் போகுதா, சாப்பிட்டா தூக்கம் வர?" என்று சிரித்தார். "சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எங்க பட்டறையில ஒரு டிரைவருக்கு கால் மரத்துப் போச்சு மாமா. மிதிக்கிறது அவருக்கே தெரியாது. மெதுவா மிதிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு ஏத்து ஏத்துன்னு ஏத்துவாரு. மதியம் களைப்பா இருந்தா அது இன்னும் ஜாஸ்தி. சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க."

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் அப்போது தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் ஈரத் துணியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, டீச்சரை வீட்டில் விடப் போகும் வழியில் அது நடந்தது. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆனவர். தனியாக இருப்பவர். வாரம் மூன்று முறை வருவார், எப்போதும் பின்சீட்டில் இடது ஓரம். சிக்னலில் நின்று கிளம்பிய வண்டி வேகம் எடுத்து, கியர் மாறாமல் கத்திக்கொண்டே போய், ஒரே உதையாக உதைத்திருக்கிறது. டீச்சர் முன்னால் சாய்ந்தார். ஊசி போட்ட கை முன்சீட்டின் முதுகில் இடித்துக் கட்டுக்குள் ரத்தம் பீறிட்டது. மடியில் வைத்திருந்த துண்டு நனைந்துவிட்டது. மாமா வண்டியைத் திருப்பி மருத்துவமனைக்கே கொண்டுபோனார். திரும்பி வரும்போதும் அது இரண்டு முறை உதைத்தது.

சாவியை மருத்துவமனையைக் கவனித்துக்கொள்ளும் தலைமை நர்ஸ், மேட்ரன், வாங்கிக்கொண்டார். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லையாம். "உடம்பைப் பார்த்துக்கங்க. சனிக்கிழமைல இருந்து வேற டிரைவர் வராரு. அதுவரைக்கும் வாடகை வண்டி வச்சுக்கிறோம்" என்றாராம். திட்டியிருந்தால் மாமா பதில் பேசியிருப்பார். தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது அத்தை படிக்கட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். கண்கள் வீங்கியிருந்தன.

"தீப்புண்ணுக்கு உங்க கடையில மருந்து இருக்காம்மா?"

"யாருக்கு அத்தை?"

"அவருக்குத்தான். நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். குளியலறையில வாளி நிறைய கொதிக்கிற தண்ணி ஊத்தி, வலது காலை உள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஏன் இப்படிப் பண்றீங்கன்னா, உணர்ச்சி இருக்கான்னு பார்த்தேன்றாரு."

"சுடலையாமா?"

"சுட்டுதாம். சுட்டது தெரிஞ்சுதாம். ஆனா நெசமாவே தெரியுதா, இல்ல சுடும்னு மனசு சொல்றதால தெரியுதான்னு சந்தேகமாம். அதனால இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்தாராம்." அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கொப்புளம் பார்க்கவே முடியலம்மா."

நான் மருந்து வாங்கிவந்து கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று பாடம் குழாய் வகைகள். வகுப்பெடுப்பவர் இரண்டு ரப்பர் துண்டுகளைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தார். முதல் துண்டில் கைப் பம்பை மாட்டிக் காற்றை இழுத்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் மாட்டி இழுத்தபோது அது பல் விழுந்தவர் கன்னம் போல உள்ளே ஒட்டிக்கொண்டது. பம்பின் முள் பதினெட்டைக் காட்டியது. மறுமுனையில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். விரலில் இழுப்பே இல்லை.

"ஆறிப்போனா திரும்ப விரிஞ்சுக்கும்" என்றார் அவர். "காலையில டெஸ்ட் பண்ணினா எல்லாம் சரியா இருக்கும். தண்ணி போற டியூப்பை இழுப்புக்குப் போட்டா இதுதான் கதி. எந்த மடையனாவது போட்டிருப்பான், நீங்க மண்டையை உடைச்சுக்கணும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யாராவது என்னைப் பார்த்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கதவைத் தட்டப் போனபோது உள்ளே அத்தை அவர் காலுக்குத் துணி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தோன்றியது. பிறகு மேலே போய்விட்டேன். புதன் போயிற்று. வியாழன் அத்தை எனக்கும் சேர்த்து மீன் வறுத்து மேலே கொண்டுவந்து தந்தார். "நீ வாங்கித் தந்த மருந்துலதான் எரிச்சல் அடங்குச்சு" என்றார். நான் மீனை வாங்கிக்கொண்டேன். சாப்பிடவும் செய்தேன்.

அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் சரியான குழாயை மாட்டிவிட்டால் வண்டி உதைப்பது நின்றுவிடும். உதைப்பது நின்றால் எல்லாம் சரியாகிவிடும். எல்லாம் என்று எதை நினைத்தேன் என்பதை இப்போது எவ்வளவு முயன்றாலும் என்னால் விளக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தடித்த குழாயை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். காவலாளிக்கு என்னைத் தெரியும். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். அவர் வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்ததாகச் சொன்னேன். வண்டி கொட்டகையில் தூசி படிந்து நின்றது. பழைய குழாயை உருவினேன். ஓரிடத்தில் தட்டையாக மடிந்த தடம் இருந்தது, நகத்தால் கிழித்தது போல. புதியதை மாட்டிக் கிளிப்பை இறுக்கினேன். ஏழு நிமிடம். பழையதை எறிய மனம் வரவில்லை, பையில் போட்டுக்கொண்டேன். குடை எதுவும் இல்லாமல் வெளியே வந்தபோது காவலாளி, "கிடைக்கலையா? நல்ல மனுசன், அவருக்கு இப்படி ஆயிருக்க வேணாம்" என்றார்.

சனிக்கிழமை புது டிரைவர் வந்தார். காலை நடையும் மதிய நடையும் ஓட்டினார். நல்ல வெயில். வண்டி ஒருமுறைகூட உதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகன் அதை வந்து சொன்னபோதுதான் நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. நான் கைவைக்காமல் விட்டிருந்தால், சனிக்கிழமை மதியம் புது டிரைவர் காலுக்கும் அது உதைத்திருக்கும். ஒரே நாளில் மாமா நிரபராதி ஆகியிருப்பார். நான் திருட்டுத்தனமாகப் போய் வண்டியைச் சரிசெய்து, குற்றத்தை அவர்மேல் நிரூபித்துவிட்டேன்.

மருமகன் அன்று சத்தமாகப் பேசவில்லை. "மேட்ரன்கிட்ட கேட்டேன் மாமா. இரண்டு நாள் பார்க்கலாம்னு சொன்னேன். அவங்க, பார்க்க என்ன இருக்கு, வண்டில ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சேன்றாங்க."

"அதான் எனக்குத் தெரியுமேடா" என்றார் மாமா. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் அந்த வீட்டில் இருந்தும் அவர் வெங்காயம் உரித்து நான் பார்த்ததில்லை. "விடு. முப்பத்திரண்டு வருசம் ஓட்டியாச்சு. யாரையாவது கொன்னுடறதுக்கு முன்னாடி சாவியைக் கொடுத்தோமே, அது போதும்."

"காலையில அப்படிப் பேசாதீங்க" என்றார் அத்தை.

நான் மேலே போய்ப் பழைய குழாயை எடுத்துவந்து மேசைமேல், வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"மாமா, உங்க கால்ல ஒண்ணுமில்ல. இதுதான்."

"என்னது இது?"

"நான் மாத்தின டியூப்பு. இது தண்ணி போற டியூப்பு மாமா. சூடானா உள்ள ஒட்டிக்கும். கியர்பாக்ஸுக்கு இழுப்பு போகாது. அதான் மதியம் மட்டும் உதைச்சுது. நான் காலையில பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

மருமகன் குழாயை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினார். அதன் மடிப்புத் தடத்தைப் பார்த்தார். முகம் மாறியது. "இது இங்க இருக்குன்னா, அப்ப வண்டியில என்ன இருக்கு?"

"வெள்ளிக்கிழமை போய் நல்லது மாட்டிட்டேன்."

"யாருகிட்ட சொல்லிட்டு?"

"யாருகிட்டயும் சொல்லல."

அத்தை கேட்டார். "உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் படியில நின்னு அழுதேனே, அன்னைக்கா?"

"அன்னைக்குச் சாயங்காலம்."

"வியாழக்கிழமை மீன் கொண்டுவந்து தந்தப்ப தெரியும்."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுக்கிட்டேதான் வாங்கித் தின்ன." அத்தை குரலை உயர்த்தவில்லை. "அஞ்சு நாளா இந்த மனுசன் கக்கூஸ் போறதுக்குக்கூட சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரு, கால் இருக்கோ இல்லையோன்னு. நீ மேல உக்காந்து என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த? பாடம் எழுதிக்கிட்டிருந்தியா?"

உண்மையில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

மருமகன், "அதைத் திட்டி என்னத்தை... நானும்தானே மூணு ரவுண்டு போயிட்டு வெண்ணெய்ன்னு சொன்னேன்" என்று தலையைச் சொறிந்தார். "முப்பது வருசம் ஓட்டினவரு உதைக்குதுன்னு சொன்னா, மதியம் வந்து ஓட்டிப் பார்த்திருக்கணும். வாயிலதான் வேலை பண்ணியிருக்கேன்."

மாமா மட்டும் இன்னும் வெங்காயத்தைக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நான் உன்கிட்ட கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீங்க மாமா."

"நல்லா இருக்குன்னு சொன்ன. உன் டியூப்பை நம்பினேன். முப்பத்திரண்டு வருசமா மிதிக்கிற என் காலை நம்பல." வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். "உன்னைச் சொல்லி என்ன. எனக்கே தெரிய வேண்டாமா?"

அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மேட்ரன் வெறும் பேச்சை நம்ப மறுத்துவிட்டார். மருமகன்தான் வழி சொன்னார்: பழைய குழாயைத் திரும்ப மாட்டி, நோயாளிகள் இல்லாத நேரத்தில், வெயிலில் ஓட்டிக் காட்டுவோம். ஓட்டுவது புது டிரைவர். மேட்ரன் டீச்சர் உட்கார்ந்த இடத்தில் உட்கார வேண்டும். மாமா வண்டியில் ஏறவே கூடாது.

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றேகாலுக்கு எல்லோர் கண்ணெதிரிலும் நான் அந்தக் குழாயை மாட்டினேன். மாமா கொட்டகை நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காவலாளி என்னைப் பார்த்து, "குடை கிடைச்சுதாம்மா?" என்றார். நான் தலைகுனிந்து கிளிப்பை முடுக்கினேன்.

முதல் அரை மணி நேரம் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தார். புது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் வேண்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது: உதைக்க வேண்டும், பலமாக உதைக்க வேண்டும். முப்பத்தெட்டாவது நிமிடம், ஒரு சிக்னலில் நின்று கிளம்பியபோது எஞ்சின் கத்த ஆரம்பித்தது. கியர் மாறவில்லை. புது டிரைவர் பதறி, "நான் ஒண்ணும் மிதிக்கலீங்க!" என்றார். அதே கணம் வண்டி உதைத்தது. மேட்ரன் முன்சீட்டில் போய் இடித்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது.

ஓரமாக நிறுத்தினோம். மருமகன் தரையில் முதுகைப் போட்டு அடியில் நுழைந்தார். அளவு முள்ளைக் குழாயின் கீழ்முனையில் மாட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு" என்று அடியிலிருந்து கத்தினார். "நாலுதான் காட்டுது."

எஞ்சின் மூடியைத் திறந்து மேல்முனையில் நான் அளந்தேன். பதினெட்டு. மேட்ரனுக்குக் குழாயைக் காட்டினேன். அது உள்ளே ஒட்டிப்போய்க் கிடந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம், தேதி வாரியாக, எதையும் விடாமல் சொன்னேன். சூட்டிலேயே அதை உருவி நல்ல குழாயை மாட்டினேன். விரல் இரண்டு பொசுங்கியது. யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

மேட்ரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எல்லார்கிட்டயும் நான் என்ன சொல்லிவச்சிருக்கேன் தெரியுமா?" என்று மட்டும் சொன்னார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. திரும்பி வந்து கொட்டகையில் இறங்கியதும் நேராகப் போய் மாமாவின் முன்னால் நின்றார். கால் ஆறியதும் வரச் சொன்னார். மாமா எழுந்து நிற்க முயன்றார். மேட்ரன் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு கால் ஆறப் பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளும் அத்தை என்னோடு பேசவில்லை. தண்ணீர் மோட்டாரை மட்டும் நேரத்துக்குப் போட்டுவிடுவார். வேறு அறை பார்க்கலாமா என்று யோசித்தேன். ஓடிப்போவது போல இருக்கும் என்று தோன்றியது. ஒருவேளை அறை கிடைக்காது என்பதும் காரணமாக இருக்கலாம்.

பதினேழாம் நாள் காலை மாமா மாடிப்படியின் கீழே நின்று குரல் கொடுத்தார். "இன்னைக்கு மத்தியானம் கடைக்கு லீவு சொல்லிட்டு வா. டீச்சரை விடப் போறேன். நீயே அவங்ககிட்ட சொல்லணும்."

"மேட்ரன் சொல்லலையா மாமா?"

"சொல்லியிருப்பாங்க. அது மேட்ரன் சொன்னது."

டீச்சர் சக்கர நாற்காலியில் வெளியே வந்தபோது முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது. அந்த நிலையில் அவரிடம் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் குனிந்து சொன்னேன். தவறான குழாய் போட்டது, பார்க்காமல் சரி என்றது, தெரிந்தும் ஐந்து நாள் மறைத்தது, எல்லாவற்றையும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு சின்ன டியூப்பும்மா?" என்றார் கடைசியில்.

விரலால் அளவு காட்டினேன்.

"ம்" என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு மேட்ரன்கிட்ட, அவருக்கு வயசாயிடுச்சு, வேற ஆள் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

மாமா ஒரு கணம் கதவைப் பிடித்தபடி நின்றார். "வலிச்சா யாரா இருந்தாலும் சொல்வாங்க டீச்சர்" என்றார். "ஏறுங்க. மெதுவாப் போவோம்."

நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். டீச்சர் பின்னால், இடது ஓரத்தில். வண்டி கிளம்பியது. சிக்னலில் நின்று எடுத்தோம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறியது எனக்கே தெரியவில்லை. எஞ்சின் சத்தம் இறங்கியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வெயில் நெருப்பாக அடித்தது. மாமா அந்தத் தெருக்களில் எந்தக் குழிக்கும் வண்டியைக் கொடுக்கவில்லை.

டீச்சர் நல்ல கையால் கதவின் மேலிருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தார். கியர் மாறும் நேரம் வரும்போதெல்லாம் அந்த விரல்கள் இறுகின. மாறி முடிந்தும் தளரவில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கண்கள் மூடியிருந்தன, பாதித் தூக்கத்தில் இருந்தார். கை மட்டும் விழித்திருந்தது. மாமா அதைக் கண்ணாடியில் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.

"கொஞ்ச நாள் ஆகும்" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். கியர்பாக்ஸ் அன்று முழுக்க ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்று, மாமா இறங்கிப்போய்க் கதவைத் திறந்து, "வந்தாச்சு டீச்சர், விடுங்க" என்று சொல்லும்வரை அவர் அந்தக் கைப்பிடியை விடவில்லை.